செயலாளரின் ஆண்டறிக்கை: வண்டிக்கு மதிப்பு போடும் முறையை மாற்றிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்களான நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது வேறொரு விஷயம். காப்பீட்டுக்கோ விற்பனைக்கோ மதிப்புக் கடிதம் கேட்கும் உறுப்பினர்களுக்கு, இதுவரை பெயின்டையும் குரோமையும் பார்த்தே எழுதிக் கொடுத்துவந்தோம். இனி அப்படிக் கொடுப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

இந்தப் பேச்சு என் வண்டியில்தான் தொடங்கியது. பல வருடம் ஓடாமல் நின்ற யமஹா ஆர்டி 350 என்ற இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். புதுப் பெயின்ட், ஒரே உதையில் ஸ்டார்ட். மூன்றாவது வாரம் நல்ல வேகத்தில் போகும்போது இடது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் முனையில் காற்றும் ஆயிலும் கடக்காமல் அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து கட்டையாக இறுகியிருந்தது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் சீல் போனால் பெரும்பாலும் ஆயில் கசிவதோடு சரி. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். அது கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பக்கத்துச் சீல் போனால் வெறும் காற்றுதான் உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். பெயின்ட் இதில் எதையும் காட்டிக்கொடுக்காது.

ஆகவே கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, லேசான காற்றழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் இனி முதல் சோதனை. அடுத்தது போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள்விட்டம். ஆர்டி 350 ஃபேக்டரியை விட்டு வரும்போது அதன் போர் 64 மி.மீ. இன்னும் அந்த அளவிலேயே தேயாமல் இருக்கும் சிலிண்டருக்கும், தேயத் தேயக் கடைந்து பெரிதாக்கிக் கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன்வரை போய்விட்ட சிலிண்டருக்கும் ஒரே மதிப்பு எப்படிப் போட முடியும்? எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வழக்கம்போலப் பார்ப்போம்.

சைலன்சர் பற்றித்தான் காரசாரமான விவாதம். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பந்தய வண்டிகளுக்காகப் பொறியாளர் வால்டர் காடன் மெருகேற்றிய எக்ஸ்பான்ஷன் சேம்பர் (எஞ்சினின் திறனைக் கூட்டும், நடுவில் அகன்ற புகைக்குழாய்), பிற்பாடு சாலை வண்டிகளுக்கும் வந்தது. அதை மாட்டிய பலர் ஒரிஜினல் சைலன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். 1969இல் வந்த கவாஸாகி எச்1-ஐ வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று என்று மூன்று சைலன்சரோடு பார்த்தவர்களுக்கு அந்த இழப்பு புரியும். சேம்பர் மாட்டியிருப்பதாலேயே மதிப்பைக் குறைக்க வேண்டாம், ஆனால் ஒரிஜினலும் கையில் இருந்தால் கூட்டலாம் என்று முடிவானது. எனக்கு இதில் முழுச் சம்மதம்.

பழைய பெயின்ட் மங்கியிருந்தாலும் அதை உரித்துப் புதிதாக அடிக்க வேண்டாம் என்ற தீர்மானத்தில் மட்டும் ஒருமித்த கருத்து வரவில்லை. அடுத்த பொதுக்குழுவில் மறுபடி எடுத்துக்கொள்வோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எஞ்சினைப் பிரிக்கும்போது படம் எடுத்து, எந்தத் தேதியில் எந்தச் சீல் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். கழற்றிய பிஸ்டனை எடைக்குப் போடாமல், மதிப்பு போடும் நாளில் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்