உன் கடிதத்தில் ஒரு வரி

அன்புள்ள நண்பா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் படித்தது உன் கடிதத்தைத்தான். “அம்மா போய் ஆறு மாதமாகிறது, ஆனாலும் வீடு முழுக்க அவள் இருக்கிறாள்” என்று எழுதியிருந்தாய். வெகுநேரம் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

கல்லூரி நாட்களில் இதைச் சொல்லியிருந்தால் உன்னை விட்டிருக்க மாட்டேன். பிரிட்டிஷ் தத்துவவாதி ஏ. ஜே. அயர் 1936இல் வெளியிட்ட நூல்தான் அப்போது எனக்கு வேதம். ஒரு கூற்று சொற்களின் பொருளாலேயே உண்மையாக இருக்க வேண்டும், அல்லது அனுபவத்தில் சோதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது எதையும் சொல்லவில்லை. அந்தக் கோலால் அந்தக் கோலையே அளந்து பார் என்று நீதான் கேட்டாய். அது கூற்றல்ல, பரிந்துரை என்று நழுவினேன். பிற்காலத்தில் அயரே தம் நூலின் பெரும்பகுதி பிழை என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது எனக்கு இப்படித் தோன்றுகிறது. நாம் முதன்முதலில் சந்தித்த நாளில் அந்த மரத்தில் இருந்த இலைகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. இதை இனி யாராலும் சோதிக்க முடியாது. ஆனால் இதன் பொருள் குழந்தைக்கும் விளங்கும். விளங்குவது வேறு, சரிபார்ப்பது வேறு.

நம் இலக்கண உரைகள் சோதனையைப் பற்றிப் பேசவே இல்லை. சொற்கள் சேர்ந்து பொருள் தர அவாய்நிலை (ஒரு சொல் மற்றொன்றை வேண்டி நிற்பது), தகுதி (பொருளால் ஒன்றோடொன்று பொருந்துவது), அண்மைநிலை (அடுத்தடுத்து நிற்பது) மூன்றும் வேண்டும் என்றார்கள். “நெருப்பால் நனைத்தான்” என்பதில் தகுதி இல்லை. நனைப்பது நெருப்பின் வேலையல்ல. உன் வரியிலும் அதே முட்டல்தான்: போனவள் எப்படி இருப்பாள்? ஆனால் நேர்ப்பொருள் முட்டினால் கேட்பவன் வேறு பொருளைத் தேடிப் போவான் என்பதையும் பழையவர்கள் கண்டிருந்தார்கள். “கங்கையில் இடைச்சேரி” என்றால் ஆயர் குடியிருப்பு கங்கையின் கரையில் இருக்கிறது என்று கொள்கிறோம் அல்லவா?

எனக்கு இங்கேதான் சிக்கல். கங்கைக்குப் பதிலாகக் கரை என்று போட்டால் காரியம் முடிந்துவிடுகிறது. உன் “இருக்கிறாள்” என்ற இடத்தில் “நினைவிருக்கிறது” என்று போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. “இல்லாதது தெரிகிறது” என்றும் போட்டேன். நீ சொன்னது அதுவுமல்ல. மாற்றுச்சொல் கிடைக்காதபோதும் நீ சொன்னது எனக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதற்கு எந்தக் கோட்பாட்டிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அம்மா எந்தெந்த மூலையில் இருக்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

என்றும் உன்,
பழைய தோழன்