காணும் பொங்கலுக்குக் கைச்சரக்கு: ஓசூரில் இருக்கும் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த வருஷம் காணும் பொங்கலுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு யார் பெயர் வருகிறதோ அவர்களுக்குக் கையால் செய்த பொருளைத்தான் கொடுக்க வேண்டும் என்று குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாய். எல்லாரும் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். என்ன செய்வது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீயாவது தனியாகக் கேட்டாய்.

முதலில் வேண்டாததைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி என்றதும் எல்லாருக்கும் மாங்காய்தான் ஞாபகம் வரும். தை மாதத்தில் மரத்தில் பூதான் இருக்கும். புதுப்புளி வர மாசி, பங்குனி ஆகும். மெழுகுவத்தி, சோப்பு என்று யூடியூப் பார்த்து இறங்காதே. அந்தச் சாமானை வாங்குகிற காசுக்குக் கடையில் நல்ல சோப்பே வாங்கிவிடலாம். மார்கழியில் நம்ம பக்கம் கிடைப்பது நெல்லி, ராகி, கொள்ளு. இந்த மூன்றும் போதும். மூன்றுக்கும் எதிரி ஈரம்தான். அதிலும் மார்கழிப் பனி காலை ஒன்பது மணி வரை மொட்டைமாடியை விடாது. ஒன்பதரைக்கு மேல் காயப்போட்டு, நாலு மணிக்குள் அள்ளிவிடு. போகி அன்று மட்டும் எதையும் வெளியே வைக்காதே, புகை வாசனை ஏறினால் போகவே போகாது.

முதலில் தேன் நெல்லி, அதற்குத்தான் நாள் அதிகம் வேண்டும். டிசம்பர் கடைசிக்குள் தொடங்கிவிடு. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த சீமை நம்முடையது, அதைக் கெட்டுப்போக விட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்காது.

எல்லாரும் செய்கிற தப்பு, பச்சை நெல்லியைக் கழுவித் துடைத்து நேராகத் தேனில் போடுவது. நெல்லியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது மெல்ல வெளியே வந்து தேனை நீர்க்க வைக்கும். கெட்டித் தேன் கெடாது, நீர்த்த தேன் புளிக்கும். பத்து நாளில் மேலே நுரை கட்டி, மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று சத்தம் வரும். அதனால் நெல்லிக்குள் இருக்கும் தண்ணீரை முதலில் சர்க்கரையைக் கொண்டு வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஒரு கிலோ பெரிய நெல்லி வாங்கு. அடிபட்டது, கரும்புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடு. ஒவ்வொரு காயிலும் கொட்டையைத் தொடுகிற அளவுக்கு முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு குத்து. ஒரு லிட்டர் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டீஸ்பூன் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் இறுத்து அதில் இரவு முழுக்க ஊறப்போடு. துவர்ப்பு குறையும், காயும் குழையாமல் நிற்கும். காலையில் நாலு தண்ணீர் மாற்றி நன்றாகக் கழுவு. இட்லிப் பானையில் எட்டு நிமிஷம் ஆவியில் வை. காயின் மேல் இருக்கும் கோடுகள் லேசாக வாய் திறக்கும்போது இறக்கிவிடு. அதைத் தாண்டினால் சுளை சுளையாகப் பிரிந்துவிடும்.

பிறகு எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு வரிசை நெல்லி, ஒரு வரிசை சர்க்கரை என்று ஒரு கிலோ சர்க்கரையையும் அடுக்கி மூடி வை. தண்ணீர் ஊற்றாதே. இரும்புச் சட்டி பக்கமே போகாதே, நெல்லியின் துவர்ப்பு இரும்பில் பட்டால் காய் கருத்துவிடும். அலுமினியத்தையும் புளிப்பு அரிக்கும். மறுநாள் பார்த்தால் காய் தன் தண்ணீரிலேயே மூழ்கியிருக்கும். காயைத் தனியே எடுத்துவிட்டு, பாகில் இன்னும் 200 கிராம் சர்க்கரையும் அரை எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிடு. எலுமிச்சை சேர்த்தால் பாகு பின்னால் கற்கண்டாக உறையாது. வெதுவெதுப்பாக ஆறியதும் காயைத் திரும்பப் போடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும், அவசரப்பட்டு முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டாலும் காய் சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிடும். உள்ளே இனிப்பும் போகாது.

மூன்றாம் நாளும் இதே வேலை. நாலாம் நாள் ஒற்றைக் கம்பிப் பதம் வரும் வரை காய்ச்சு. ஐந்து நாள் கழித்துப் பாகு மறுபடி நீர்த்திருந்தால் இன்னொரு முறை காய்ச்சு. தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக நகர வேண்டும். அப்புறம் காயை வடிதட்டில் வடியவிட்டு, பாட்டிலில் போட்டு, 300 கிராம் நல்ல தேனை மேலே ஊற்று. மிஞ்சுகிற பாகைக் கொட்டாதே, சர்பத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஒரு வயசுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலில் கட்டுகிற சீட்டில் எழுது. குலுக்கலில் உனக்குப் பெரிய மாமா பெயர் வந்தால் இதை மறந்துவிடு, அவருக்குச் சர்க்கரை 200-க்குக் கீழே இறங்குவதே இல்லை.

அவருக்கு ராகிதான். வெறும் ராகி மாவை ஊரில் எல்லா வீட்டிலும் வைத்திருப்பார்கள், அதைக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. முளைகட்டிய மாவாகக் கொடு. ஆனால் முளைகட்டினாலும் அதுவும் மாவுச்சத்துதான், மருந்து கிடையாது. இனிப்புப் போடாமல் மோர் ஊற்றி அளவாகக் குடிக்கச் சொல்லு.

ஒரு கிலோ ராகியைக் கல் அரித்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை கழுவு. பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்று. மாற்றாவிட்டால் புளித்த வாடை வரும். வடித்து, ஈரமான பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டு. இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறி வழவழப்பாகிவிடும். வெயில் காலத்தில் ஒரே ராத்திரியில் முளைத்துவிடும். ஓசூர்க் குளிருக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். அடுப்பு மேடைப் பக்கமாக வைத்து, துணி காயும்போதெல்லாம் தண்ணீர் தெளி. முளை எள் அளவு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடு. நீள விட்டால் மாவு கசக்கும்.

இரண்டு நாள் காயவேண்டும். ஒரு மணியைக் கடித்துப் பார், 'கடக்' என்று உடைய வேண்டும். பிறகு கையால் தேய்த்துப் புடைத்தால் முளையும் வேரும் உதிர்ந்துவிடும். சிறு தீயில் பிடி பிடியாக வாசனை வரும் வரை வறுத்தால் போதும். தீயைக் கூட்டாதே. முளைக்கும்போது உண்டாகிற நொதிதான் கஞ்சியை இளக்கமாக வைக்கிறது. அதிகம் வறுத்தால் அது செத்துப்போய், சாதாரண ராகிக் கஞ்சி மாதிரியே கெட்டியாகும், பிறகு முளைகட்டினதற்கே அர்த்தம் இல்லை.

மாவு மில்லில் மிளகாய் அரைத்த கையோடு உன்னுடையதைக் கொட்ட விடாதே. யாராவது ராகி அரைத்த பின்னால் போடச் சொல்லு, கொஞ்ச நேரம் காத்திருந்தாலும் பரவாயில்லை. மில்லிலிருந்து மாவு சூடாக வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மாவிலேயே சொட்டும், ஒரு வாரத்தில் கட்டி, அப்புறம் பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிட்டுச் சலி. கழிவு போகக் கிட்டத்தட்ட 900 கிராம் தேறும். மூன்று பேருக்கு 300 கிராம் வீதம் கொடுக்கலாம்.

கொள்ளுப்பொடி ஒரே மாலை வேலை. கொள்ளு 250 கிராம், துவரம்பருப்பு 100, காய்ந்த மிளகாய் இருபது, மிளகும் சீரகமும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். கொள்ளை வெளிச்சத்தில் தட்டில் பரப்பிப் பொறுக்கு, அதன் நிறத்திலேயே கல் இருக்கும். கறிவேப்பிலை கையில் நொறுங்க வேண்டும். கல் உப்பையும் படபடவென்று வெடிப்பது நிற்கும் வரை வறு. பூண்டு வாசனைக்கு ஆசைப்படாதே. வீட்டுக்கு என்றால் போடு, கொடுப்பதற்கு வேண்டாம், அதன் ஈரத்தில் பொடி இரண்டு வாரத்தில் கட்டியாகும். கொப்பரையும் அப்படித்தான், சிக்கு வாடை வரும்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். பச்சைத் தண்ணீரில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும், கொதிநீரில் போட்டால் விரிசல் விடும். பத்து நிமிஷம் கொதித்ததும் எடுத்துக் கவிழ்த்து, வெயிலில் காயவை. ஊறுகாய் இருந்த மூடியை எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போகாது, மூடி மட்டும் புதிதாக வாங்கிக்கொள். ராகி மாவை ஜிப் கவரில் போட்டு, அதன் மேல் துணிப்பை. நேராகத் துணியில் கட்டினால் வண்டு வைக்கும். ஆறு அங்குல அகலம், ஒன்பது அங்குல உயரப் பைக்கு, ஏழு அங்குல அகலம், இருபத்தொரு அங்குல நீளத் துணி வெட்டு. பக்கத் தையலுக்கு அரை அரை அங்குலம், நாடா கோக்க மேலே இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் போய்விடும். மஞ்சப்பை ஆக்குகிறேன் என்று மஞ்சள்தூளில் முக்காதே, வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும்.

சீட்டில் பொருள் பெயர், செய்த தேதி, 'ஈரக் கரண்டி போடாதீங்க' என்று எழுதிக் கழுத்தில் கட்டிவிடு. ஜெல் பேனா வேண்டாம், கை பட்டதும் கலையும். ராகிக்கு மட்டும் இன்னொரு வரி: இரண்டு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வைக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நெல்லி வாங்கினதும், கெட்டதைக் கழித்து எவ்வளவு தேறுகிறது என்று எடை போட்டு அனுப்பு. சர்க்கரைக் கணக்கு அதற்குத் தகுந்த மாதிரி சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா,
கிருஷ்ணகிரி