எட்டாவது பாட்டுக்கு மட்டும் ஒரு பேர்

டேய் மச்சான்,

உன் ரெண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடலை. திட்டிக்கோ, வாங்கிக்கிறேன். இங்க எல்லாரும் சுகம். மீசை போன வாரம் பேசினான், அந்த ஆம்ப்ளிஃபயர் இன்னும் திரும்பி வரலையாம். வாங்கிக் கொடுத்தவன் நீ, நீயே பார்த்துக்கோ.

எழுத உக்கார்ந்த விஷயம் வேற. நம்ம ஸ்வீடன் மெட்டல் பேண்ட் ஓபெத் 2024 நவம்பர்ல வெளியிட்ட 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்' ஆல்பத்தைக் கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. 2011-ல அவங்க 'ஹெரிடேஜ்' ஆல்பம் வந்த ராத்திரி, "இனிமே இவங்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை"ன்னு ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சவனாச்சே. மெட்டல் பாட்டுல மிருகம் மாதிரி அடித்தொண்டையில பாடுற அந்த உறுமல் போச்சு, மெட்டல் போச்சு, எழுபதுகளோட ராக்கைத் தோண்டி எடுத்து வாசிக்கிறாங்கன்னு நீ கத்தினே. குரல்ல என்னடா இருக்கு, பாட்டைக் கேளுன்னு நான் கத்தினேன். விடிய விடிய நடந்த சண்டை.

மச்சான், நீ சொன்னது சரி. முதல் பாட்டுல பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் அடித்தொண்டையிலேர்ந்து உறுமினதும் செஞ்சுக்கிட்டிருந்த வேலையை அப்படியே விட்டுட்டு நின்னுட்டேன். 2008-ல வந்த 'வாட்டர்ஷெட்'டுக்கு அப்புறம் நாலு ஆல்பம் தாண்டி, பதினாறு வருஷம் கழிச்சு அந்தக் குரல். எனக்கும் அது வேண்டியிருந்திருக்கு. ஒத்துக்கத்தான் மனசு வரலை.

ஆனா நான் சொன்னதும் தப்பில்லை. அந்த நாலு ஆல்பத்துல கத்துக்கிட்டதையெல்லாம் இவங்க தூக்கிப் போடலை. மெல்லோட்ரான்னு அந்தப் பழைய கீபோர்டு இருக்கு, ஆர்கன் இருக்கு, வயலின் கூட்டம் இருக்கு. அதுக்கு நடுவுல உறுமல் வரும்போது பழைய ஓபெத் திரும்பி வந்த மாதிரி இல்லை, அந்தப் பழைய ராக்குக்குள்ளேயே இத்தனை நாள் ஒரு இருட்டு ஒளிஞ்சிருந்த மாதிரி இருக்கு. டிரம்ஸுக்குப் புதுசா வந்திருக்கிற வால்தேரி வாய்ரினன் அடிக்கிறதை நீ கேக்கணும். அத்தனை சிக்கலான தாளத்துலயும் பாட்டு மூச்சு முட்டாம நடக்குது.

இன்னொண்ணு. புல்லாங்குழல் யார்னு நினைக்கிறே? ஜெத்ரோ டல்ங்கிற பழைய ராக் பேண்டோட இயன் ஆண்டர்சன்! 1989-ல மெட்டாலிக்காவுக்கு வர வேண்டிய கிராமியை இவங்க தட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நீ மூக்கைச் சிந்துவியே, அதே ஆள். எழுபத்தேழு வயசுல ஒரு மெட்டல் ஆல்பத்துல வந்து வாசிக்கிறார், நடுநடுவுல கதை சொல்ற மாதிரி பேசவும் செய்யறார். நாலாவது பாட்டுல கிட்டார் எல்லாம் அடங்கி, ஒரு ஹார்ப் மட்டும் சொட்டுச் சொட்டா விழும். அப்புறம் அந்தக் குழல். அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை திருப்பிப் போட்டேன்னு கணக்கே இல்லை.

குறை இல்லாம இல்லை. ஏறக்குறைய 50 நிமிஷம், அதுக்குள்ள அத்தனையும் திணிச்சிருக்காங்க. ஒரு மெட்டு மனசுல உக்கார்றதுக்குள்ள அடுத்தது வந்து தள்ளிடுது, அதுவும் நடுப் பாட்டுகள்ல. ரெண்டு தடவை கேட்டுட்டுக் கோபப்படாதே, அஞ்சாறு தடவை கேளு.

கதையைச் சொல்லணும். முதல் உலகப்போர் முடிஞ்ச காலம். பெரிய பணக்காரர் ஒருத்தர் செத்துப்போறார், பிள்ளைங்க முன்னாடி உயிலைப் படிக்கிறாங்க. அதனால முதல் ஏழு பாட்டுக்குப் பேரே கிடையாது, பத்திரத்துல போடுற பத்திக் குறியும் நம்பரும்தான். அந்த உறுமல் எனக்குச் செத்தவரோட குரலாவே கேக்குது, மண்ணுக்குள்ள போயும் அதிகாரம் அடங்காத குரல். மனைவிக்குப் பிறந்த இரட்டையர் தன் ரத்தம் இல்லைன்னு ஒதுக்கிட்டு, வேலைக்காரிக்குப் பிறந்த, போலியோ வந்த பொண்ணுக்கு எல்லாத்தையும் எழுதி வெக்கிறார், அவதான் தன் மகள்னு நம்பி. உயில் அத்தோட முடிஞ்சுது. எட்டாவது பாட்டு உயில்ல சேராது, அது ஒரு கடிதம், அதுக்கு மட்டும் ஒரு பேர் இருக்கு. அந்தப் பொண்ணும் அவர் ரத்தம் இல்லைன்னு அதுல தெரியவருது.

அந்தப் பாட்டுல உறுமலே இல்லைடா. மெதுவா, சாதாரணமா பாடறார். கடைசியில கிட்டார் மட்டும் நீளமா அழுதுக்கிட்டே போகும். அதைக் கேட்டுக்கிட்டு இருட்டுல உக்கார்ந்திருந்தப்போ உன் ஞாபகமும் உன் தம்பி ஞாபகமும்தான் வந்துச்சு. அந்த வீட்டு விவகாரத்துல யார் பக்கம் நியாயம்னு நான் பேச வரலை. அந்தக் காகிதத்தை எழுதினவர் போயிட்டார், நீங்க ரெண்டு பேரும்தான் இருக்கீங்க. மூணு வருஷமா அவன் பேரைக்கூட நீ எழுதலை. எனக்கு அது உறுத்துது, மச்சான்.

சரி. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, முதல்லேர்ந்து வரிசையா கேளு. எட்டாவதை முன்னாடி போட்டேன்னு தெரிஞ்சுது, தொலைச்சுடுவேன். கேட்டதும் எழுது. தம்பிகிட்டே பேசினியான்னும் எழுது.

உன்,
சண்டைக்காரன்