முதலையா, சுறாவா? நீளமும் ஆழமும் சொல்லாத அட்டவணை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு சிறுவர் பக்கத்தில் முதலையையும் சுறாவையும் மோதவிட்டு, கடிவிசையை மட்டும் பார்த்துச் சுறாவே வெல்லும் என்று முடித்திருந்தீர்கள். பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரும் வெள்ளைச் சுறாவுக்கு 18,000 நியூட்டன், உவர்நீர் முதலைக்கு 16,000 நியூட்டன் என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஆய்வுகளில் உள்ள எண்கள்தாம். ஆனால் முதலையின் எண் நேரடியாக அளந்தது. 2012-இல் கிரெகரி எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், உயிருள்ள முதலையைக் கட்டி, விசையுணரி பொருத்திய கோலைப் பின்பற்களுக்கு இடையில் கொடுத்துக் கடிக்க வைத்தார்கள். 4.59 மீட்டர் நீளமுள்ள முதலை கடித்தபோது 16,414 நியூட்டன் வந்தது. சுறாவின் எண்ணோ கணினியில் கணக்கிட்டது. 2008-இல் ஸ்டீபன் ரோ குழுவினர் 2.4 மீட்டர் சுறாவின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்து, தாடைக்கு மாதிரி உருவாக்கி, அதை 6.4 மீட்டர் நீளமுள்ள சுறாவுக்குப் பெருக்கிப் பார்த்தார்கள். கிடைத்தது 18,216 நியூட்டன். அளந்த முதலையின் எடை சுமார் அரை டன். கணக்கில் வந்த சுறா மூன்று டன்னுக்கு மேல். ஆறு மடங்கு எடையுள்ள விலங்கின் கடி பத்தில் ஒரு பங்குதான் கூடுதல் என்றால், அந்த அட்டவணை சொல்வது முதலைத் தாடையின் வலிமையைத்தான்.

இதைவிடப் பெரிய குறை, அந்த இரண்டும் சந்திப்பதே அரிது. வெள்ளைச் சுறா பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில் திரிவது. உவர்நீர் முதலை வெப்பமண்டலக் கழிமுகங்களில் வாழ்வது. முதலைக்கு உண்மையில் எதிர்ப்படுவது காளைச் சுறா. நன்னீருக்கு வந்தால் உடம்பிலுள்ள யூரியாவைக் குறைத்து, சிறுநீரைப் பெருக்கி, ஆற்றில் ஏறி வாழக்கூடிய இனம். தாய்ச்சுறாக்கள் ஆற்றுமுகங்களில் குட்டி போடும். குட்டிகள் சில ஆண்டுகள் ஆற்றிலேயே வளரும். எனவே ஆற்றுக்குள் முதலை காணும் சுறாக்களில் பெரும்பாலானவை வளர்ந்து முடியாதவை. முழுதாக வளர்ந்த 2.85 மீட்டர் காளைச் சுறாவுக்கே கணக்கிட்ட கடிவிசை 5,914 நியூட்டன்தான்.

2014-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆற்றில் புரூட்டஸ் என்ற ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட முதலை காளைச் சுறாவைக் கவ்வியிருக்கும் படம் வந்ததே, அது இந்த வகைச் சந்திப்புதான். புரூட்டஸுக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. சுறா கடித்துப் போனது என்பது உள்ளூர்க் கதை. முதலைகள் ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கால் இழப்பது சாதாரணம் என்பதால், அதைச் சுறாவின் கணக்கில் எழுதக் கூடாது.

இடுப்பளவு நீரில் சுறாவுக்குக் கீழிருந்து பாய இடமில்லை. மேலிருந்தும் பக்கவாட்டிலும் வந்தால் முதலையின் முதுகுத் தோலுக்குள் எலும்புத் தகடுகள் தடுக்கும். முதலை பக்கவாட்டில் தலையை வீசிக் கவ்வும். அதன் பற்கள் கூம்பு வடிவானவை, பிடிக்கும், அறுக்காது. ஆகவே கவ்வியதை நீருக்கு மேலே தூக்கும், அடிக்கும், இல்லையென்றால் உடம்பைச் சுழற்றிப் பிய்க்கும். நீரை விட்டு வெளியே வந்த சுறாவின் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சு அடைபடும். வயிறு மேலாகப் புரட்டினால் பல சுறா இனங்கள் அசைவற்றே போய்விடும்.

ஆழ்கடலில் கதை தலைகீழ். முதலையின் வயிற்றுத் தோலில் அந்தத் தகடுகள் இல்லை. தோல் வியாபாரத்தில் அதற்கு விலை கூடுவதும் இதனால்தான். தொங்கும் கால்களும் மென்மையான அடிவயிறும் கீழிருந்து வரும் நான்கு மீட்டர் புலிச்சுறாவுக்கு நேர் எதிரே இருக்கும். ஆமை ஓட்டையே அறுக்கும் ரம்பப் பல் அதற்கு. ஒரு கடி கடித்துவிட்டு விலகி, ரத்தம் வடியக் காத்திருக்கவும் அதனால் முடியும். முதலையின் வலிமை குறுகிய நேர வலிமை. கடுமையாகப் போராடும்போது தசைகளில் லாக்டிக் அமிலம் தேங்கும். பிடிபடும்போது நெடுநேரம் திமிறிய பெரிய முதலைகள் அதனாலேயே செத்ததுண்டு. மூச்சுக்கும் மேலே வந்தாக வேண்டும். கடல் கடக்கும் முதலை நீரோட்டத்தில் மிதந்துதான் போகிறது. வட ஆஸ்திரேலியாவில் கருவி பொருத்திய 3.84 மீட்டர் முதலை 25 நாளில் 590 கிலோமீட்டர் போனது அப்படித்தான்.

என் தீர்ப்பு இது: கழிமுகத்திலும் ஆற்றிலும் முதலை, கரை தெரியாத ஆழத்தில், தன்னைவிடக் கனமான சுறா எதிரே வந்தால் சுறா. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உப்பை வெளியேற்றும் சுரப்பி வேலை செய்யாததால் கடல்நீரில் நெடுநாள் தங்க முடியாத அலிகேட்டர்களே (முதலையின் உறவினம்) செவிலிச் சுறாவையும் எலுமிச்சைச் சுறாவையும் தின்றதை 2017-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கரையோரத்தின் சாதகம் அவ்வளவு பெரியது.

திருத்தம் வெளியிடும்போது எண்களுக்குப் பக்கத்தில் விலங்கின் நீளம், எடை, அளந்ததா கணக்கிட்டதா என்ற மூன்றையும் சேருங்கள். படத்தையும் மாற்றுங்கள். நீங்கள் போட்டிருப்பது அமராவதியிலும் கொள்ளிடத்திலும் உள்ள சதுப்பு முதலை, நன்னீர் வாசி. அதன் தலைக்குப் பின்னால் பிடரியில் நான்கு பெரிய செதில்கள் தெளிவாகத் தெரிகின்றன. உவர்நீர் முதலைக்கு அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். கண்ணிலிருந்து மூக்கு நோக்கி இரண்டு வரம்புகள் ஓடும். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இரண்டு இனங்களும் இருக்கின்றன. உங்கள் படக்காரர் அங்கேயே எடுக்கலாம்.

இப்படிக்கு,
கடல் உயிரியல் ஆசிரியர்,
தூத்துக்குடி