சத்தம் போடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் சொல்லத்தான் ஆரம்பித்தேன், நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நீ ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் போனதிலிருந்து அந்தப் பக்கத்துச் சங்கதி எது கிடைத்தாலும் படிக்கிறேன். அப்படித்தான் ஒரு படம் கண்ணில் பட்டது. 1767-இல் பிரான்சிஸ் கோட்ஸ் வரைந்தது. இங்கிலாந்து ராணி சார்லட், அவள் மடியில் மூத்த மகள். மகள் பெயரும் சார்லட்தான். பார்த்ததும் வாட்டர்கலர் என்றே நினைத்தேன், அவ்வளவு மென்மை. அப்புறம்தான் தெரிந்தது, பேஸ்டல். முப்பது வருஷம் டிராயிங் டீச்சராக இருந்து என்ன பயன்! காகிதத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிற வண்ணப்பொடி அது; மேலே கண்ணாடி இல்லாவிட்டால் விரல் பட்டாலே கலைந்துவிடும்.

குழந்தை தூங்குகிறது. ராணி ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறாள், சத்தம் போடாதே என்று. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் குக்கர் வைக்கவே பயப்படுவேன். விசிலுக்கு நீ முழித்துவிடுவாய் என்று ஏழெட்டு மாசம் பானையில்தான் சோறு. உன் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவார். ராணிக்கு ஆயாக்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் அந்த விரல் எனக்குத் தெரிந்த விரல்தான்.



ராணியே 17 வயதில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவள். லண்டன் வந்து சேர்ந்த அன்றே கல்யாணம், பிறகு 15 பிள்ளைகள். மடியில் தூங்குகிற இவள் 1797-இல் வூர்ட்டம்பர்க் இளவரசரைக் கட்டிக்கொண்டு உன் ஊர்ப்பக்கம் போய்விட்டாள். அடுத்த வருஷம் அவளுக்குப் பிறந்த ஒரே பெண்ணும் உயிரில்லாமல் பிறந்தது. அம்மா பக்கத்தில் இல்லை. நெப்போலியன் சண்டையில் இரண்டு நாடும் எதிரெதிராக வேறு நின்றன. 1818-இல் ராணி கண்ணை மூடும்வரை இருவரும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. மகள் இங்கிலாந்துக்கு வந்தது 1827-இல். யாரைப் பார்க்க?

சரி, இதைச் சொல்லி உன்னை வரச்சொல்கிறேன் என்று நினைக்காதே. டிக்கெட் விலை எனக்கும் தெரியும்.

லுட்விக்ஸ்பர்க் உனக்கு ரயிலில் கொஞ்ச தூரம்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மகள் சார்லட் வாழ்ந்த அரண்மனைக்குப் போ. அவள் பீங்கானில் படம் வரைவாளாம். ஏதாவது வைத்திருந்தால் கிட்டே போய்க் கோட்டைப் பார், கை நடுங்கியிருக்கிறதா என்று. போட்டோ எடுக்க விட்டால் அதை எடுத்து அனுப்பு, உன் செல்பியை அல்ல.

சரி, செல்பியும் அனுப்பு.

அம்மா