முள்ளுக் கத்திரிக்கு ஒரு நிலையான அடையாள எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரியை ஒருவர் ஒரு பெயரிலும் இன்னொருவர் வேறு பெயரிலும் கணினியில் ஏற்றினால், இரண்டும் ஒரே காய்தான் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான அடையாள எண் கொடுத்து, அதன் பெயர்களையும், எது எதன் வகை, எது எதன் பகுதி என்ற உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதி வைப்பதைத்தான் ஆன்டாலஜி என்கிறார்கள்.

சரி, எழுதியதை எங்கே வைப்பது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பயோபோர்ட்டல் என்ற இணையதளத்தில் கணக்கு உள்ள யாரும் தங்கள் ஆன்டாலஜித் தொகுப்பை ஏற்றலாம், பழைய பதிப்புகளும் அங்கே இருக்கும், ஒரு தொகுப்பின் சொல்லை இன்னொன்றின் சொல்லோடு இணைத்தும் காட்டலாம். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் ஓஎல்எஸ் என்ற தேடல் தளம் அப்படியில்லை, ஒவ்வொரு தொகுப்பின் கடைசிப் பதிப்பைத் தேடித் தருவதுதான் அதன் வேலை. தேட அது சுலபம். ஆனாலும் நமக்கு முதல் வகைதான் பொருந்தும் என்பேன், ஏனென்றால் ஊருக்கு ஊர் பெயர் மாறுகிற பயிர்களுக்குப் பழைய பதிவு கட்டாயம் வேண்டும். நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் பழைய அடையாள எண்களை அழித்துவிட்டு வேறு பொருட்களுக்குக் கொடுத்தார்கள்; அப்புறம் இரண்டு வருடத் தரவு எதற்கும் உதவாமல் போனது, இன்றும் மனசு கேட்கவில்லை.

பயோபோர்ட்டலின் நிரலை வைத்துத்தான் பிரான்சின் மோன்பெலியேவில் வேளாண்மைக்கென்று அக்ரோபோர்ட்டல் அமைத்தார்கள். அந்த நிரல் நமக்கும் இலவசம். நம் வேளாண் கல்லூரிகள் தமிழ்ப் பெயர்களோடு ஒன்று தொடங்க வேண்டும், வார இறுதிகளில் வந்து உழைக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி