அப்பா கார்டுலேருந்து என் பேரை எடுத்து எனக்குன்னு ஒரு ரேஷன் கார்டு கேட்டு அஞ்சாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ரயில்வே கேட் தாண்டி குளத்துக்கரையில குடியிருக்கிற திருநங்கைங்க. போன மழைக்கு நீங்களே முழங்கால் தண்ணியில இறங்கி வந்து பாத்தீங்களே, டிரான்ஸ்பார்மர் பக்கத்து லைன் வீடு, அதுதான். திங்கக்கிழமை குறைதீர் நாள்ல இதே விஷயமா ஏற்கெனவே நாலு மனு குடுத்திருக்கேன். நாலுக்கும் மனு முடிக்கப்பட்டதுன்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு.

1. ஆபரேஷன் ஆயிடுச்சு. திருநங்கைங்களுக்கான 2019 சட்டப்படி ஆட்சியர் குடுக்கற சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கு, ஆதார்லயும் பேர் மாத்தியாச்சு. இதெல்லாம் கைக்கு வந்துட்டா அப்புறம் ஒரு கவலை இல்லன்னு நெனச்சேன்ங்க.

2. கார்டுக்கு ஆன்லைன்ல போட்டா என் ஆதார் வேற கார்டுல இருக்குன்னு வருது. அது எங்க அப்பா கார்டு, அதுல நான் இன்னும் மகன், பழைய பேர். பேரை எடுக்கணும்னா ஓடிபி அவர் போனுக்குதான் போகும். அவர் நான் செத்துட்டேன்னு ஊர்ல சொல்லி பதினோரு வருஷமாச்சு. செத்த புள்ள பேரு கார்டுல மட்டும் உசுரோட இருக்கு. அதுல வர்ற அரிசிய அவங்களே திங்கட்டும், பெத்தவங்கதானே, எனக்கு வேண்டியது என் பேரு மட்டும்.

3. கவுண்டர்ல கேட்டா "அப்பாவ கூட்டிட்டு வா"ங்கறாங்க. வரமாட்டார் சார்னு சொன்னா, போன் போடு, ஸ்பீக்கர்ல போடுன்னாங்க. போட்டேன். இருபது பேர் நிக்கற எடத்துல நான் அப்பான்னு கூப்பிட்டேன், அவர் ராங் நம்பர்னு சொல்லி வச்சுட்டார். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அதுக்கப்புறமும் அந்த அம்மா என் பழைய பேரைச் சொல்லி, அடுத்த வாரம் வாப்பான்னாங்க. புடவை கட்டிட்டு எதிர்ல நிக்கறேன், வாப்பாவாம்! ஆட்சியர் ஆபீஸ் சான்றிதழையே கீழ இருக்கறவங்க நம்பலன்னா அது எதுக்குங்க, லேமினேஷன் பண்ணி மாட்டவா?

4. நம்ம பாலினம் எதுன்னு நாமளே சொல்லலாம்னு சுப்ரீம் கோர்ட் 2014லயே சொல்லிடுச்சு. சான்றிதழக் காட்டினா 15 நாளுக்குள்ள மத்த ஆவணத்துல பேர் மாத்தணும்னு அந்த 2019 சட்டத்தோட 2020 விதிலயே இருக்குங்கறாங்க. எனக்கு ஒன்றரை வருஷம். நம்ம தமிழ்நாட்டுலதான் 2008லயே திருநங்கைங்களுக்கு நலவாரியம் வந்துச்சுன்னு ஏப்ரல் 15 திருநங்கையர் தின விழாவுல மேடையில பேசுனாங்க, எனக்கும் சால்வை போட்டாங்க, போட்டோவும் எடுத்தாங்க. சால்வைய உலையில போட முடியாதுங்க ஐயா.

5. கார்டு இல்லாம காப்பீடும் இல்ல, உரிமைத் தொகையும் கேக்க முடியல. அரிசி கடை விலைக்குதான்.

6. ஐயா கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. விஏஓவ அனுப்பி விசாரிங்க, நான் தனியா இருக்கறது, தனியா சமைக்கறது தெருவுக்கே தெரியும். ஓடிபி இல்லாம ஆபீஸ்லேருந்தே பேரை எடுத்து எனக்கு ஒரு கார்டு போட உத்தரவு குடுங்க. கார்டு குடுங்க ஐயா, வேற எதுவும் கேக்கல. மறுபடியும் அப்பாவ கூட்டிட்டு வான்னு மட்டும் அனுப்பிடாதீங்க.

இணைப்பு: சான்றிதழ் நகல், ஆதார் நகல், நாலு மனு ரசீது. கையெழுத்து சான்றிதழ்ல இருக்கற பேர்லயே போட்டிருக்கேன்.